காயம்பட்டவரின் சோற்றுக் கணக்கு

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டம் ஒன்றில் தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வீட்டு வசதியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பது சோற்றைப் பற்றி. காயம்பட்டுப் படுத்திருக்கும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதே என் பொருள். நான் டாக்டர் அல்லன், கணக்கெழுதும் கிராணி. ஆனால் இந்த விஷயத்தில் பெரும்பகுதி கணக்குத்தான். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடலாம்.

நம் தொழிலில் காயம் எப்படி வருகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருட்டில் தலைவிளக்கோடு நிரைக்குப் போகிறோம். மழை பெய்த மறுநாள் மேட்டு நிரை வழுக்குகிறது. பால் வாளியோடு இறங்கும்போது கால் சறுக்கினால் எலும்பு முறிகிறது. உளி தவறினால் கை கிழிகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, சீட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு நம் வீடுகளில் நடப்பது என்ன? முதல் நாள் கோழிச்சாறு. இரண்டாம் நாள் மீன். இரண்டு வாரம் கழித்து? கஞ்சி, ஊறுகாய், தேநீர். "வேலைக்குப் போகாத உடம்புக்கு எதற்கு இத்தனை சோறு?" இதை வீட்டார் சொல்வதற்கு முன்னால், படுத்திருப்பவரே சொல்லிவிடுகிறார்! பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று தட்டைத் தள்ளிவைக்கிறார். அவர் மனம் நல்ல மனம்தான். ஆனால் அவர் போட்ட கணக்குத் தப்பு.

ஏன் தப்பு? செக்ரோல் புத்தகத்தில் வேலைக்கு வந்த நாளுக்குப் பேர் போடுகிறோம். வராத நாளுக்குப் பேர் இல்லை. ஆனால் உடம்பு வைத்திருக்கும் செக்ரோலில் லீவு நாள் என்பதே கிடையாது. நாம் உறங்கும்போதும் இருதயம் அடிக்கிறது, நுரையீரல் மூச்சு விடுகிறது, ஈரல் வேலை செய்கிறது, உடம்பின் சூடு காக்கப்படுகிறது. இந்த வேலைக்கெல்லாம் ஆகும் செலவை அடிப்படைச் செலவு என்போம். சாதாரண மனிதன் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. இதை அளக்கும் அளவுக்குக் கலோரி என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம், உணவுக் கணக்கில் ஒரு கலோரி.

அந்த அடிப்படைச் செலவைக் காணும் கணக்கை 1919இல் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்தனர். 1990இல் மிஃப்லின், செயின்ட் ஜியோர் என்பவர்கள் அதைத் திருத்திப் புதிதாக்கினர். புதிய கணக்கையே சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எடையைக் கிலோவில் எடுத்துப் பத்தால் பெருக்கவும். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஆறேகாலால் பெருக்கவும். இரண்டையும் கூட்டவும். வயதை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து கழிக்கவும். ஆணாயின் ஐந்தைக் கூட்டவும். பெண்ணாயின் 161ஐக் கழிக்கவும். அவ்வளவுதான்.

ஒரு கணக்குக்காக, 60 கிலோ எடை, 165 சென்டிமீட்டர் உயரம், 40 வயதுள்ள பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடைக்கு 600. உயரத்துக்கு 1,031. கூட்டினால் 1,631. வயதுக்கு 200 போனால் 1,431. ஐந்தைக் கூட்டினால் 1,436. அவர் அசையாமல் படுத்திருந்தாலே நாளொன்றுக்கு 1,436 கலோரி செலவு.

இனி வேலை நாள். நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்து, வெட்டி, பால் எடுத்து, சுமந்து வருகிறவருக்கு அடிப்படைச் செலவைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு வேண்டும். பெருக்கினால் சுமார் 2,585 கலோரி.

இப்போது அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது, படுத்திருக்கிறார். படுக்கையில் புரள்வதற்கும் எழுந்து உட்காருவதற்கும் 1.2 மடங்கு. அதோடு முடிந்ததா? இல்லை. முறிந்த எலும்பை ஒட்டவைப்பதும் கிழிந்த சதையை மூடுவதும் உடம்புக்கு ஒரு தனி வேலை. அதற்கு இன்னொரு பெருக்கல் உண்டு. 1979இல் லாங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் உழைத்தவர்களும், சிறு அறுவைச் சிகிச்சைக்கு 1.2 என்றும் எலும்பு முறிவு போன்ற காயங்களுக்கு 1.35 என்றும் எழுதிவைத்தனர். இன்று பலர் அந்த எண்களைச் சற்று மிகை என்று கருதிக் குறைத்தே கொள்கிறார்கள். நாமும் குறைந்த எண்ணையே கொள்வோம். 1,436 பெருக்கல் 1.2, அதை மறுபடியும் 1.2ஆல் பெருக்கினால் சுமார் 2,070 கலோரி.

தோழர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை நாளில் 2,585. காயம்பட்டுப் படுத்திருக்கும் நாளில் 2,070. குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான்! நம் வீடுகளிலோ பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறோம்.

நம் தாய்மார்களுக்கும் ஒரு கணக்கு. 50 கிலோ எடை, 152 சென்டிமீட்டர் உயரம், 35 வயதுள்ள பெண் தொழிலாளிக்கு அடிப்படைச் செலவு 1,114. வேலை நாளில் சுமார் 2,005. காயத்தோடு படுத்திருக்கும் நாளில் சுமார் 1,604. கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிடும் நம் பெண்களுக்கு இந்த எண்ணைக் கண்டிப்பாக நினைவூட்ட வேண்டும்.

இத்தனை பெருக்கல் வேண்டாம், ஒரே வரியில் சொல் என்பீர்களானால், அதற்கும் வழி உண்டு. காயம் ஆறும் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 35 கலோரி. 60 கிலோவுக்கு 1,800 முதல் 2,100 வரை. நாம் போட்ட கணக்கும் அதற்குள்தான் நிற்கிறது.

ஆனால் கலோரிக் கணக்கோடு நிறுத்திவிட்டால் அது பாதிக் கணக்குத்தான். கட்டடம் கட்டும் இடத்தில் எண்ணெய் இருந்து என்ன பயன், செங்கல் இல்லாவிட்டால்? உடம்புக்குச் செங்கல் புரதச் சத்து. மீன், முட்டை, கோழி, பருப்பு, பால், தவ்வு, தெம்பே ஆகியவற்றில் இருப்பது அது.

கிளாஸ்கோ நகரத்தில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர் இருந்தார். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் அளந்து பார்த்தார். புரதம் கரைந்து வெளியேறும் கழிவு அதில் மிகுந்திருந்தது. முறிந்த இடத்துச் சதை மட்டும் கரைந்தால் அவ்வளவு வராது. உடம்பு முழுவதிலும் உள்ள தசை கரைகிறது என்று கண்டார். அதாவது, இடது கால் முறிந்தாலும் வலது காலும் கையும் தங்கள் சதையை அறுத்துக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து செங்கல் வராவிட்டால், வீட்டுச் சுவரை இடித்துத்தான் ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல உடம்புள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 60 கிலோவுக்கு 48 கிராம். காயம் ஆறும் காலத்தில் 1.25 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். 75 முதல் 90 கிராம் வரை. கலோரி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. புரதமோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. சோறு சற்றுக் குறையலாம். மீனும் முட்டையும் கூடத்தான் வேண்டும். நாம் செய்வதோ நேர் எதிர்: மீனை நிறுத்திவிட்டுக் கஞ்சியைக் கொடுக்கிறோம்.

அந்தக் கஞ்சியையும் கணக்குப் பார்ப்போம். இரண்டு வேளைக்கும் சேர்த்து 200 கிராம் அரிசி என்று வைத்தால், சுமார் 700 கலோரி, 14 கிராம் புரதம். வேண்டியது 2,070, கிடைத்தது 700. வேண்டியது 90, கிடைத்தது 14. இந்தக் கணக்கைச் சம்பளநாளில் எவராவது நம்மிடம் காட்டினால் விட்டுவிடுவோமா?

குறைந்த உணவு என்ன செய்யும் என்பதை உலகம் ஒரு முறை அளந்தே பார்த்திருக்கிறது. 1944ஆம் ஆண்டு இறுதியிலும் 1945இலும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, தாமே முன்வந்த 36 இளைஞர்களை வைத்து ஆராய்ந்தார். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போயிற்று. உடல் வலிமை குன்றியது, குளிர் தாங்கவில்லை, எரிச்சலும் சோர்வும் மிகுந்தன, சோற்றைத் தவிர வேறு நினைவில்லை. உடம்பைத் தேற்றும் காலத்தில் சிலருக்கு நாளொன்றுக்கு 4,000 கலோரி வரை வேண்டியிருந்தது. அவர்கள் காயமில்லாத, நோயில்லாத வாலிபர்கள். உண்டது 1,570. எலும்பு முறிந்த நம் தோழருக்கு நாம் கொடுப்பது 700! மூன்று மாதத்தில் ஆறவேண்டிய கால் ஆறு மாதம் இழுத்தால், "அவர் சோம்பேறி" என்று யாரும் சொல்லாதீர்கள். முதலில் அவர் தட்டைப் பாருங்கள்.

சரி, 2,070 கலோரியை எப்படிச் சேர்ப்பது? பட்டணத்து டப்பா மாவு வேண்டியதில்லை. நம் கடையில் கிடைப்பதை வைத்தே ஒரு நாள் கணக்குத் தருகிறேன்.

வெந்த சோறு நாள் முழுவதற்கும் 600 கிராம்: 780 கலோரி, 16 கிராம் புரதம். முட்டை இரண்டு: 140 கலோரி, 12 கிராம். கெம்போங் போன்ற மீன், முள் நீக்கி 150 கிராம்: 180 கலோரி, 30 கிராம். பருப்பு 50 கிராம்: 170 கலோரி, 11 கிராம். தெம்பே 50 கிராம்: 95 கலோரி, 9 கிராம். பால் ஒரு குவளை: 150 கலோரி, 8 கிராம். சமையல் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி: 240 கலோரி. வாழைப்பழம் ஒன்று: 100 கலோரி, 1 கிராம். கீரை, காய்கறி, கொய்யா எல்லாம் சேர்த்து: 100 கலோரி, 3 கிராம். தேநீருக்குச் சீனி நான்கு சிறு கரண்டி: 80 கலோரி.

கூட்டிப் பாருங்கள். 2,035 கலோரி; 90 கிராம் புரதம். வேண்டியதற்கு ஏறக்குறையச் சரி. ஆளுக்கு ஆள் எண் மாறும். ஆயினும் வழி இதுதான். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். காலையில் முட்டை, பகலில் மீன், இரவில் பருப்பும் தெம்பேயும். முதல் சில நாள் பசி இராது. கட்டாயப்படுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து ஆறு வேளையாகக் கொடுங்கள். கொய்யாவை விடாதீர்கள், புண் ஆறத் தேவையான வைட்டமின் சி அதில் ஆரஞ்சை விட மிகுதி. நெத்திலியை முள்ளோடு தின்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும், மீன் தின்றால் அரிக்கும்" என்று நம் லயங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீழ் கிருமியால் வருகிறதே தவிர முட்டையால் வருவதில்லை. ஒரு பண்டம் உடம்புக்கு ஒவ்வாதவர்கள் மட்டும் அதை விலக்கினால் போதும். பெரியவர்கள் சொன்ன எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் விரால் மீன் சமைத்துக் கொடுப்பது நம்மிடமும் உண்டு. ஹருவான் என்று அதையே மலாய்க்காரர்களும் கொடுக்கிறார்கள். அது நல்ல புரதம். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்வோம். முட்டையை விலக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். சம்சுவை மட்டும் எவரும் உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் கலோரி உண்டு, செங்கல் இல்லை. சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது.

அடுத்தது, எழுந்து நடக்கும் காலம். கட்டுப் பிரித்ததும் காலைப் பார்த்தால் குச்சி போல் இருக்கும். அந்தத் தசையைத் திரும்ப வளர்ப்பதற்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். பலர் அப்போதுதான், "இனி சரியாகிவிட்டது" என்று முட்டையை நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டிய நேரம் அதுவல்ல! ஒரு காலை ஊன்றாமல் தாங்குகோலில் நடப்பது, சும்மா நடப்பதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு உழைப்பு. எழுந்து நடமாடத் தொடங்கியவருக்கு 1.2க்குப் பதிலாக 1.3 மடங்கு என்று போட்டால் 2,240 கலோரி ஆகும். பயிற்சி மும்முரமானால் 2,400ஐ எட்டும். பிறகு நிரைக்குத் திரும்பும் நாளில் பழைய 2,585. ஆகவே படிப்படியாக ஏற்ற வேண்டும். பயிற்சி இல்லாமல் தின்றால் வயிறு பெருக்கும். தின்னாமல் பயிற்சி செய்தால் இருக்கும் தசையும் கரையும். இரண்டும் சேர்ந்தால்தான் கால் திரும்பும்.

கணக்குச் சரியா என்று எப்படி அறிவது? தராசைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கட்டோடு எடை பாருங்கள். வாரத்துக்கு வாரம் இறங்கினால் உணவு போதவில்லை. ஒரு கிண்ணம் சோறும் ஒரு முட்டையும் கூட்டுங்கள். வாரத்துக்கு வாரம் ஏறினால் சோற்றையும் சீனியையும் சற்றுக் குறையுங்கள், மீனைக் குறைக்காதீர்கள். கால் வீக்கமும் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதை மறவாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு உள்ளவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்குப் புண் ஆறுவதே தாமதம்; சோறும் சீனியும் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. பெருந்தீக்காயம் பட்டவருக்கு இந்தக் கணக்குப் போதவே போதாது. அது ஆஸ்பத்திரியில் போடவேண்டிய கணக்கு. பல நாள் ஒன்றும் உண்ணாமல் கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து; டாக்டர் சொல்படி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

தோழர்களே, "கணக்கெல்லாம் சரி, காசு எங்கே?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையில் காயம்பட்டு நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் விடுப்பு எழுதிக் கொடுத்தால், பெர்க்கேசோ தற்காலிக ஊனத் தொகை வழங்குகிறது. சட்டம் கணக்கிடும் சராசரி நாட்சம்பளத்தில் அது 80 விழுக்காடு. 2019 ஜனவரி முதல் நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

80 விழுக்காடு. நம் உணவுக் கணக்கிலும் கலோரி ஐந்தில் நான்கு பங்குதான். அப்படியானால் கணக்கு நேராகிவிட்டது என்று ஒருவர் சொல்லக்கூடும். இல்லை! குறைவது அரிசி, கூடுவது மீனும் முட்டையும். மலிவான பொருள் குறைந்து, விலைகூடிய பொருள் கூடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டிச் செலவு வேறு. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் அதே மாதத்தில் சமையல் செலவு குறையாமல் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் தொழிலாளி தன் தட்டைத் தள்ளிவைக்கிறார். அவருடைய தசையை எடுத்து அந்த இடைவெளியை அடைக்கிறார். இது தனி ஒருவர் வீட்டுப் பிரச்சினை அன்று, கிளையின் பிரச்சினை.

ஆகவே மூன்று காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: விபத்து நடந்த அன்றே தகவல் சொல்லுங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் பெர்க்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. "சின்னக் காயந்தான்" என்று மறைக்காதீர்கள். கிராணி நண்பர்களே, இதில் நம் பேனா ஒரு நாள் தூங்கினால் ஒரு வீட்டில் அடுப்பு ஒரு வாரம் தணியும்.

இரண்டு: தொகை கைக்கு வரும்வரை உள்ள வாரங்களுக்குக் கிளை நிதியிலிருந்து உதவ வேண்டும். பணமாகக் கொடுத்தால் கடனுக்குப் போய்விடும். ஆகையால் முட்டை, பருப்பு, நெத்திலி, பால் மாவு ஆகிய பொருளாகவே கொடுப்போம்.

மூன்று: கமிட்டி உறுப்பினர் ஒருவர் காயம்பட்டவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சென்று, எடையையும் உணவையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறாரா என்றும் கேட்க வேண்டும். நீண்ட சிகிச்சை தேவைப்பட்டால் மலாக்காவில் 2014 முதல் பெர்க்கேசோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தகுதி உண்டா என்று கேட்டுப் பார்க்கக் கிளை உதவும்.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். படுத்திருப்பவர் தட்டைத் தள்ளிவைத்தால், "நீங்கள் சாப்பிடுவது உங்களுக்காக மட்டும் அல்ல, சீக்கிரம் எழுந்து நிரைக்குப் போவதற்காக" என்று சொல்லித் திரும்ப வையுங்கள். படுத்திருப்பவர் நீங்களாக இருந்தால், கடைசி ஆளாகச் சாப்பிடும் வழக்கத்தை அந்த மூன்று மாதத்துக்காவது நிறுத்துங்கள். அப்போது உங்கள் தட்டை முதலில் நிரப்புவது வீட்டு ஆண்களின் கடமை.

காயம் ஆறுவதும் ஒரு வேலை. அந்த வேலைக்கும் கூலி உண்டு. அதைச் சோறாகவும் மீனாகவும் கொடுக்க வேண்டும். அதைக் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை. காயம்பட்டவருக்கே கூட இல்லை.

 வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!